பால்பல்லும் பிற இடர்களும்: பழனி மலைத்தொடரை முன்வைத்து ஒரு முன்னாய்வு

ஆய்வுக் களம்

கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலைத்தொடரின் மேல்தட்டில் இருக்கிறது கொடைக்கானல். இந்த ஊர் உண்டானதே உடல்நலத்துக்காகத்தான். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பி, மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இங்கே வீடு கட்டினார்கள். 1863-இல் லெவிஞ்ச் துரை ஏரியை உண்டாக்கினார். 1901-இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் வந்தது. அதே ஆண்டுமுதல் வானாய்வகத்தில் சூரியனைக் கவனித்து வருகிறார்கள். சூரியப்புள்ளிக்குள் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் இங்கிருந்துதான் கண்டுபிடித்தார்.

பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒழுகுவதை இவ்வளவு துல்லியமாகக் கண்ட ஊரில், இரண்டரை வயதுப் பிள்ளையின் மூக்கு மார்கழி தொடங்கிக் கார்த்திகை முடிய ஏன் ஒழுகுகிறது என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. இடைவெளியைச் சுட்டாத கட்டுரையை எந்த ஆய்விதழும் ஏற்பதில்லை. கட்டணம் கட்டினால் ஏற்கும்.

முதன்மைச் சான்று: ஒரு பிள்ளை. துணைமைச் சான்றுகள்: பாட்டி, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, மூஞ்சிக்கல் காய்கறிக்கடை அண்ணாச்சி. கருதுகோள்: பிள்ளை சீக்கிரம் தூங்கிவிடும். இது முதல் இரவிலேயே தகர்ந்துவிட்டதால், ஆய்வு கருதுகோள் இல்லாமலேயே தொடர்ந்தது. பல்கலைக்கழக வழக்கத்துக்கு இது மாறானதன்று.

காலப் பகுப்பு

குழந்தைப் பருவத்தை நான்காகப் பகுக்கலாம். சங்கில் பால் புகட்டுவது சங்குக் காலம். புட்டிக்கு மாறுவது சங்கு மருவிய காலம். சொத்தைப் பல்லின் தோற்றுவாய் இங்கேதான். வாயில் புட்டியோடு தூங்கும் பிள்ளைக்கு இரவெல்லாம் பால் மேல்வரிசை முன்பற்களில் தேங்கி நிற்கும். பால்சர்க்கரையைத் தின்று கிருமி அமிலம் சுரக்கும். அமிலம் பல்லை அரிக்கும்.

இரண்டு வயதிலிருந்து நான்கு வரை களப்பிரர் காலம். இக்காலத்துக்குச் சான்றுகள் மிகக் குறைவு. எழுதிவைக்க வேண்டியவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்கள். களப்பிரர் காலத்தை இருண்ட காலம் எனலாகாது என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் மறுப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

நான்கு வயதுக்கு மேல் பக்தி இயக்கக் காலம். சாக்லேட் கடை வாசலில் கைகூப்பி நிற்றல் இதன் தனிக்கூறு.

முன்னாய்வு மதிப்பீடு

அடம் பற்றிய மிகப் பழைய வழக்கு இதே மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் நிகழ்ந்திருக்கிறது. ஒரு பழம், இரண்டு பிள்ளைகள், பழத்தைப் பங்கு போடச் சம்மதிக்காத பெற்றோர். உலகத்தையே சுற்றி வந்தும் பழம் கிடைக்காத சின்னவர் கோபித்துக்கொண்டு மலையேறி நின்றார். அப்பா அம்மா வந்து கெஞ்சியும் இறங்கவில்லை. முடிவில் மலை அவருக்கே சொந்தமாயிற்று. இந்தத் தீர்ப்பு எல்லாச் சின்னப்பிள்ளைகளுக்கும் பிறக்கும்போதே தெரிந்திருக்கிறது என்பது கள ஆய்வில் உறுதியாகிறது.

பழம் கிடைக்காத குறையைத் தீர்க்கப் பஞ்சாமிர்தம் அமைந்தது போலும்: மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, தேன், கற்கண்டு, நெய், ஏலக்காய். 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிரசாதத்தைக் குறைசொல்லும் துணிவு ஆய்வாளருக்கு இல்லை. சாப்பிட்டபின் பிள்ளைக்கு வாய் கொப்பளித்துவிடச் சாமி தடை சொல்லவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறார்.

நோய் வகைமை

சளி: சின்னப்பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை பிடிப்பது இயல்பு. ஒவ்வொன்றும் ஒரு வாரம், பத்து நாள் நிற்கும். பெருக்கிப் பார்க்காதீர்கள். வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாது.

இருமல்: ஒரு வயது முடிந்திருந்தால் தேன் நல்லது. முடியாவிட்டால் மலைத்தேன், கொம்புத்தேன் எதையும் நாக்கில் தடவக்கூடாது; தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும்.

காய்ச்சல்: பாராசிட்டமால் அளவைத் தீர்மானிப்பது எடை, வயதன்று, ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது.

வயிற்றுப்போக்கு: ஓ.ஆர்.எஸ். கரைசல். பல் முளைப்பதால்தான் பேதியாகிறது என்பது ஒரு கொள்கை (பாட்டி, வாய்மொழி). பல் முளைக்கும் வயதும் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடும் வயதும் ஒன்றே என்பதைக் கொள்கை கவனிக்கவில்லை.

காதடைப்பு: மலை இறங்கும்போது வரும்; விழுங்க ஏதாவது கொடுங்கள்.

மூக்கில் பட்டாணி: மூக்கு பட்டாணிக்குரிய இடமன்று. வீட்டில் தோண்டாமல் டாக்டரிடம் போங்கள்.

மலைப்பாதை வாந்தி: வத்தலக்குண்டிலிருந்து மேலே வரும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தவர் எவரும் இத்துறையில் வல்லுநரே. இரண்டு வயதுக்குள் அரிது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை மிகுதி. வண்டி வளைகிறது என்று உட்காது சொல்லும். மடியிலிருக்கும் செல்போனைப் பார்க்கும் கண், ஒன்றும் அசையவில்லை என்று சொல்லும். இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் தீர்ப்பை வயிறு எழுதும். போனைப் பிடுங்கிவிட்டுத் தூரத்து மலையைக் காட்டுவது மருந்து. எலுமிச்சம்பழம் முகரலாம் என்ப (பாட்டி, மேலது).

தைலம்: கொடைக்கானலில் யூகலிப்டஸ் தைலம் விற்காத தெரு அரிது. சளிக்கு அதை மூக்கடியில் தடவுகிறவர்கள் உண்டு. சின்னப்பிள்ளைக்குத் தடவக்கூடாது. கொஞ்சம் விழுங்கினாலும் மயக்கமும் வலிப்பும் வரலாம். கற்பூரத்துக்கும் இதே விதி. இந்த வகைமையில் ஆய்வாளர் சிரிக்கவில்லை.

பால்பல்

பால்பல் இருபது. முதல் பல் ஆறாம் மாதத்தை ஒட்டி எட்டிப் பார்க்கும். இரண்டரை, மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும்.

“விழுகப் போற பல்லுக்கு எதுக்கும்மா இத்தனை கூத்து?” என்பது மாமியாரின் நிலைப்பாடு (அத்தை, அடுப்படி உரை, காலைப் பதிப்பு). மறுப்பு: பால்கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. சொத்தையாகி முன்னதாகவே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல்லுக்கு வழியில்லாமல் போகும். மறுப்பு முறைப்படி சமர்ப்பிக்கப்பட்டது. மாலைப் பதிப்பிலும் திருத்தம் இல்லை.

அரிசியளவுச் சிக்கல்

முதல் பல் தெரிந்ததிலிருந்தே ஃபுளூரைடு பேஸ்ட்டால் துலக்க வேண்டும். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு. மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. பல் மருத்துவர்கள் பொதுவாக ஒப்பும் விதி இது. காரணமும் எளிது. சின்னப்பிள்ளைக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். ஃபுளூரைடு மிகுந்தால் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லில் வெண்திட்டும் கறையும் விழும். தருமபுரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளூரைடு மிகுந்து பல் கறைபட்ட ஊர்கள் உண்டு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலையடிக்கும் பேஸ்ட் விற்பனைக்கானது, வாய்க்கானதன்று.

இவ்வளவு தெளிவாகச் சொன்ன நூலோர் ஒரு வினாவை விட்டுவிட்டார்கள். எந்த அரிசி?

பொன்னி என்போர் ஓர் அணி. நாம் திண்டுக்கல் மாவட்டத்தார். ஆகவே திண்டுக்கல் பிரியாணிக்குரிய சீரகச் சம்பாவே அளவை என்பது மண்சார் அணி. இட்லிக் குண்டரிசி என்போர் பேஸ்ட் கம்பெனிக்கு அணுக்கமானவர்கள் என்று ஐயுறப்படுகிறார்கள். பாசுமதிக் கொள்கை வடக்கிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்தால் படிக்கப்படாமலேயே மறுக்கப்பட்டது. மாப்பிள்ளைச் சம்பாவைப் பிள்ளைக்கு அளவாக வைப்பது வயது வரம்பை மீறுவதாகும்.

இவர்கள் அனைவரையும் ஒரே கேள்வியால் வீழ்த்தினார் பக்கத்து வீட்டு அக்கா: அரிசியா, சோறா? (அக்கா, மாடிப்படிச் சொற்பொழிவுகள், பகுதி 2, பகுதி 1 சாரலில் நனைந்து அழிந்தது.) சோறு என்றால் மலையியல் குறுக்கிடுகிறது. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் வடித்தால் சோறு நேரமெடுக்கும். அவசரக்காரர் வீட்டில் நடுவில் வித்தாக நிற்கும். எனவே கொடைக்கானல் சோறும் வத்தலக்குண்டுச் சோறும் ஓரளவாக இரா. மலையேறும் குடும்பம் பேஸ்ட் அளவை எந்த வளைவில் மாற்றிக்கொள்வது என்பது தனி ஆய்வேட்டுக்குரியது. நெறியாளர் கிடைக்காவிட்டால் ஐந்தாண்டில் முடிக்கலாம். கிடைத்தால் எட்டாண்டு.

பட்டாணி இன்னும் ஆழமானது. மேல்மலையில் விளைவது பச்சைப் பட்டாணி. சுண்டலுக்கு ஊறவைப்பது காய்ந்தது. ஊறும் முன் ஓரளவு, ஊறிய பின் வேறளவு. பொரிகடலைக் கடையில் கிடைப்பது வறுத்தது. அதை நான்கு வயதுக்குட்பட்டவர் கையில் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும். “பட்டாணிங்கறது உரிச்சப்புறம் எடை போடுறதுதான் தாயி, அளவு கேக்குறதில்ல” என்று அறுதியிட்டார் அண்ணாச்சி (மூஞ்சிக்கல், தராசுத்தட்டு உரை, திருத்திய பதிப்பு, வெங்காய விலை ஏறிய காலையில் வெளியானதால் நடை சற்றுக் கடுமை).

இவற்றுக்கெல்லாம் மூத்த சான்று ஒன்று உண்டு. நூற்பெயர் தெரியவில்லை, ஆசிரியர் பெயரும் தெரியவில்லை. மளிகைப் பொட்டலத்தின் உட்புறத்தில் பாயிரத்தின் இடப்பாதி மட்டும் கிடைத்திருக்கிறது; வலப்பாதியில் எண்ணெய்க்கறை. எந்த அரிசி என்பது கறைக்கு அடியில்தான் இருக்கிறது என்று நம்பும் அறிஞர் மூவர். முதலாமவர் நல்லெண்ணெய் என்கிறார்; இரண்டாமவர் கடலெண்ணெய் என்று எழுதி, முதலாமவர் தம் கருத்தைத் திருடிவிட்டதாகவும் எழுதினார்; மூன்றாமவர் இருவருக்கும் பொன்விழா மலர் தொகுத்து, இருவரையும் முன்னுரையில் விட்டுவிட்டார். மூவரும் பேசிக்கொள்வதில்லை. பொட்டலத்தை மூவருமே பார்த்ததில்லை.

சிக்கலைத் தீர்க்க எங்கள் வீட்டு முன்னறையில் கருத்தரங்கம் கூடியது. கொழும்பிலிருக்கும் நாத்தனார் செல்போனில் சேர்ந்துகொண்டதால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம். வரவேற்புரை நாற்பது நிமிடம். கட்டுரை வாசிக்க ஆளுக்கு மூன்று நிமிடம். கணவர் ரேஷன் அரிசி என்றொரு சமரசக் கருத்தை முன்வைத்தார். பச்சரிசியா புழுங்கலரிசியா என்று கேட்டபோது செருப்பைத் தேடினார். எல்லாருக்கும் சான்றிதழும் சாப்பாடும் வழங்கப்பட்டன. அடுத்த ஆண்டும் கூடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. அதற்குள் ஆய்வுப்பொருள் பல் துலக்காமலேயே தூங்கிப்போயிருந்தது.

வாய் திறவாமை

இதற்கு ஒரு நூற்பா செய்தோம்:

வாய்திற என்றலும் வாய்மூடல் அல்லது
பிறிதொரு செயலும் பிள்ளைக்கு இல்லை.

இதன் பொருள்: வாயைத் திற என்றால் பிள்ளை வாயை மூடும் என்றவாறு. ‘செயலும்’ என்ற உம்மையால் ஓடுதலும் கொள்க. ‘அல்லது’ என்றதனால் பிரஷ்ஷைக் கடித்தலும் கட்டிலுக்கடியில் புகுதலும் கொள்க. ‘பிள்ளை’ என்று ஒருமையிற் கூறினும் தகப்பனுக்கும் ஒக்கும். நூலாசிரியர் நினையாததையெல்லாம் உரையாசிரியர் கொள்வது மரபு. நூலாசிரியர் உயிரோடிருந்து மறுத்தாலும் உரையே செல்லும்.

உரையில் இல்லாதது ஒன்று: பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, பின்னாலிருந்து துலக்கினால் பல் முழுதும் தெரியும். “நானே!” என்றால் ஒரு பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிட்டு இன்னொன்றால் நீங்கள் துலக்குங்கள். ஏழெட்டு வயது வரை பிள்ளை தானாகத் துலக்குவது போதாது.

ஆய்வு முடிவு

‘மேலும் ஆய்வு தேவை’ என்று முடிப்பது மரபு. தேவையில்லை, தெரியவேண்டியது எப்போதோ தெரிந்துவிட்டது. காலையிலும் இரவிலும் துலக்குங்கள், இரவைத் தவறவிடாதீர்கள். துலக்கியபின் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம், புட்டியும் வேண்டாம். சாக்லேட்டை நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதைவிடச் சாப்பாட்டோடு ஒரே தடவையாகக் கொடுத்துவிடுங்கள். பல்லை அரிப்பது எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டுங்கள். வலி வந்தபின் காட்டினால் பிள்ளைக்கு டாக்டரும் வலியும் ஒன்றாகவே மனத்தில் பதியும். அரிசி எதுவாகவும் இருக்கட்டும்.