மெடிகேர் மாமா

நியூ ஜெர்ஸியில் தமிழர்கள் பத்துப் பேர் கூடினால் அதில் ஒருவர் மெடிகேர் மாமாவாக இருப்பார். எண்பதுகளில் எம்.எஸ். படிக்க வந்தவர். முதலில் விசாவில் நிபுணர், பிறகு கிரீன் கார்டில், அதன்பின் பிள்ளைகளின் காலேஜ் அட்மிஷனில். பிள்ளைகள் கலிஃபோர்னியாவுக்குப் போனதும் யாருக்கு யோசனை சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச காலம் தவித்தார். 64 வயது முடியப்போகும் நேரத்தில் ஆண்டவன் கண் திறந்தான்: 65 வயதில் அமெரிக்க அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேர்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். "சௌக்கியமா மாமா?" என்று கேட்டால் எழுத்துகளில் பதில் வரும். "ஏ வந்தாச்சு. பி வந்தாச்சு. டி-லதான் இன்னும் முடிவெடுக்கலை." ஏ என்பது ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு, பத்து வருஷம் வேலை பார்த்து வரி கட்டியிருந்தால் சந்தா கிடையாது. பி டாக்டருக்கு, 2025-இல் மாதம் 185 டாலர், வருமானம் அதிகமென்றால் மேலும் கூடும். டி மருந்து மாத்திரைக்கு. எனக்கெப்படி இதெல்லாம் தெரியும் என்கிறீர்களா? ஒரு சீமந்தத்தில் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.

சி-யைப் பற்றி மட்டும் அவரிடம் வாய் திறக்கக் கூடாது. தனியார் கம்பெனிகள் நடத்தும் அட்வான்டேஜ் பிளான் அது. நம்மவரோ அசல் மெடிகேரும் அதன்மேல் மெடிகேப் 'ஜி' என்ற துணைக் காப்பீடும் எடுத்த ஆசாரசீலர். சி-யில் சேர்ந்த இன்னொரு மாமா ஊரில் உண்டு. "நெட்வொர்க்குக்கு வெளியில ஒரு டாக்டரைப் பார்க்க முடியுமா ஓய்?" என்று இவர் கேட்பார். "உமக்குப் பல் விழுந்தா ஜி வந்து கட்டுமா ஓய்?" என்று அவர் திருப்புவார். பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில் கேண்டீனில் இருவரும் வடகலை தென்கலை மாதிரி தனித்தனி மேஜையில்தான் புளியோதரை சாப்பிடுகிறார்கள்.

அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை டி பிளானை மாற்றிக்கொள்ளலாம். அந்த நாட்களில் கல்யாணத்துக்கு அழைத்தால் மாமி மட்டும்தான் வருவார். மாமா வீட்டில் சர்க்கரை மாத்திரையின் விலையை எக்ஸெலில் ஏற்றிக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஒரு அதிர்ஷ்டக் கதையும் இருக்கிறது. பிறந்தது ஆவணியில். ஸ்கூலில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாக ஜூன் 1 என்று எழுதிவிட்டார். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்களுக்கு மெடிகேர் முந்தின மாதமே தொடங்கிவிடும் என்பது விதி. மன்னார்குடியில் அந்த மனுஷர் போட்ட ஒரு கோட்டுக்கு நியூ ஜெர்ஸி எடிசனில் மே 1 அன்றே பலன் கிடைத்தது. "வாத்தியார்னா அவர்தான் வாத்தியார்" என்று கண் கலங்குவார்.

கேலி போதும். ஒரு கிரகப்பிரவேசத்தில், 66 வயதில் வேலை போன ஒருவர், "ஆபீஸ் இன்ஷூரன்ஸையே கோப்ராவில் 18 மாசம் நீட்டிக்கிட்டேன், மெடிகேருக்கு அவசரமில்லை" என்றார். மாமா கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டார். வைத்து நான் பார்த்ததில்லை. "வேலை போனதுலேர்ந்து எட்டே மாசம்தான் அவகாசம். கோப்ரா கணக்குல வராது. தாண்டினா வருஷத்துக்குப் பத்து பர்சென்ட் அபராதம், பி இருக்கிற வரைக்கும்!" திங்கட்கிழமை காலை அவரைத் தன் காரிலேயே சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். அந்த ஒரு காரியத்துக்காக மாமாவின் எக்ஸெல் தொல்லை முழுவதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

இப்போது ரிட்டையராகிவிட்டார். வருஷத்தில் ஆறு மாதம் மயிலாப்பூரில் இருக்க உத்தேசம். "அங்கே இது செல்லுமா?" என்று மாமி கேட்டபோது மட்டும் மாமாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. பொதுவாக மெடிகேர் அமெரிக்காவைத் தாண்டாது. 'ஜி' தாண்டும், ஆனால் எமர்ஜென்சிக்கு மட்டும், முதலில் 250 டாலர் நம் கையிலிருந்து, அதன்பின் 80 சதவீதம், ஆயுளுக்கு மொத்தம் 50,000 டாலர். அதுவும் கிளம்பிய 60 நாளுக்குள் நோய் வந்தாக வேண்டும். 61-ஆம் நாள் நெஞ்சு வலித்தால் மாமா தன் காசில்தான் படுக்க வேண்டும். பி-க்கான சந்தாவை மட்டும் மயிலாப்பூரில் இருந்தாலும் மாதாமாதம் கட்டியாக வேண்டும்.