கட்-ஆஃபும் இரட்டைக் குழந்தைகளும்: சமவாய்ப்பு எண்ணை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கை குறித்து இதுவரை முறையான ஆய்வு எதுவும் நடக்கவில்லை. (இப்படித் தொடங்குவது ஆய்வுலக மரபு. நூலகத்துப் பக்கமே போகாதவர்கள் இதை இன்னும் அடித்துச் சொல்வார்கள்.) இக்கட்டுரைக்கான தரவுகள் கல்யாணப் பந்தி, ரேஷன் கடை வரிசை, மாடிப்படி ஆகிய களங்களில் திரட்டப்பட்டன.

முதலில் தகுதி. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஆக மொத்தம் 200; இதுவே கட்-ஆஃப். விண்ணப்பிக்கப் பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதமும் ஏனையோருக்கு 40 சதவீதமும் போதும். சொந்தக்காரர்கள் முன் தலைகாட்ட 190 வேண்டும். வேதியியலில் ஒரு மதிப்பெண் நழுவினால் கட்-ஆஃபில் அரை போகும். “அந்த அரைதான் கிண்டியைக் கெடுத்தது” என்பது தாய்மார்களின் ஒருமித்த முடிவு (காண்க: எதிர்வீட்டு அக்கா, காய்கறி வண்டியருகே ஆற்றிய உரை). தமிழும் ஆங்கிலமும் இந்தக் கூட்டலில் சேரா. பொறியியல் பக்கம் போனவர்களே பிற்பாடு கவிதைத் தொகுப்பு போடுவது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

அடுத்து, எங்கே, எதைப் படிப்பது. ஐஐடி: ஜேஇஇ மெயின், அப்புறம் அட்வான்ஸ்டு. ஆறாம் வகுப்பிலேயே கோச்சிங் சேர்த்தவர்கள் மட்டும் மேலே படிக்கவும்.

சிவில்: மாமா கான்ட்ராக்டராக இருந்தால்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்: மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கப்பட்ட பெரியப்பா, “எதுல பிளேஸ்மென்ட்டோ அது” என்றார். அறிஞர் உலகம் இதற்கு மேல் நகரவில்லை.

இனி மையப் பொருள். நுழைவுத் தேர்வு 2007-இல் போனபின் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாமாயிற்று. ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் கணிதம், பிறகு இயற்பியல் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எல்லாமே சமமானால் வயதில் மூத்தவர் முந்துவார். பிறந்த தேதியும் ஒன்றாகவே இருந்தால்? அதற்குத்தான் விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் ஒரு பத்து இலக்கச் சமவாய்ப்பு எண்ணைத் தருகிறது. பெரிய எண் வைத்திருப்பவர் முன்னால் போகலாம்.

ஒரே மதிப்பெண், ஒரே பிறந்தநாள்: இது யாருக்குப் பொருந்தும்? இங்கே ஆய்வுலகம் இரண்டாகப் பிளக்கிறது. இரட்டையர் வாதிகள், இந்த எண்ணே இரட்டைக் குழந்தைகளுக்காக உண்டானது என்பர் (பார்க்க: மூன்றாம் மாடி மாமி, ‘மொட்டைமாடி வடாகச் சொற்பொழிவுகள்’, தொகுதி 2, மழைக்கு முந்தைய பதிப்பு). ஐந்து நிமிடம் முன்னால் பிறந்த அண்ணன் ஜாதகத்தில் நாழிகைக் கணக்கில் மூத்தவன். கலந்தாய்விலோ தேதியோடு சரி, நிமிடம் செல்லாது. வீட்டில் இத்தனை வருஷம் “அண்ணன்னு கூப்பிடு” என்று அதிகாரம் செய்தவனை ஒரு பத்து இலக்க எண் தம்பியாக்கிவிடுகிறது.

தலைமையாசிரியர் வாதிகள் இதை ஏற்பதில்லை. பிறப்புச் சான்றிதழைப் பள்ளிகள் கறாராகக் கேட்காத காலத்தில், ஐந்து வயது நிரம்பியதாகக் காட்டத் தலைமையாசிரியர்களே பையன்களுக்குப் பிறந்தநாள் போட்டார்கள். ஊரில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தது அப்படித்தான் (விரிவுக்கு: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ‘என் பேனாவில் பிறந்தவர்கள்’, கைப்பிரதி, கரையான் அரித்த பக்கங்கள் நீங்கலாக). அந்தப் பையன்களின் பேரப்பிள்ளைகளே இன்று விண்ணப்பிக்கிறார்கள், இவர்களிடம் அசல் சான்றிதழ் இருக்கிறது என்ற மறுப்பை இவ்வாதிகள் அடிக்குறிப்பில் தள்ளிவிட்டனர்.

அண்ணன் தம்பி இருவருக்குமே ஒரே கல்லூரியில், ஒரே பிரிவில் இடம் கிடைத்துவிட்டால் கோட்பாடு என்னாகும்? இக்கேள்வியை எழுப்பியவருக்கு, அது அடுத்த பன்னாட்டுக் கருத்தரங்கில் விவாதிக்கப்படும் என்று பதில் வந்தது. பதிவுக் கட்டணம் கட்டினால் போதும். வராவிட்டாலும் சான்றிதழ் வீட்டுக்கே வந்துவிடும்.