நூறு டாலர் வேட்பாளர்

கேள்வி: கட்சியில் ஒருவர் முந்திக்கொண்டிருக்கும்போது, முன்னாள் கவர்னர் ஒருவர் எதிர்த்து நின்று என்ன பயன்? தோற்பது உறுதிதானே?

பதில்: முன்னால் ஓடுபவர் திரும்பிப் பார்க்க, பின்னால் ஒருவர் ஓடத்தான் வேண்டும்! 1992இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்ற போட்டியில் பில் கிளின்டன் முந்திக்கொண்டிருந்தார். எதிர்த்தவர் கலிஃபோர்னியாவின் முன்னாள் கவர்னர் ஜெர்ரி பிரவுன். ஒருவரிடம் 100 டாலருக்கு மேல் நன்கொடை வாங்க மறுத்தார். இலவசத் தொலைபேசி எண் ஒன்றை டிவி விவாதத்தில்கூட விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கனெக்டிகட்டில் கிளின்டனையே தோற்கடித்தார்! நியூயார்க் கைவிட்டது, மூன்றாமிடம். போகட்டும். பெரும்பணக்காரர்களின் செக் இல்லாமலே கட்சி மாநாடு வரை தாக்குப்பிடித்தாரே, அதுவே எனக்குப் பெரிய வெற்றி. 2010இல் கலிஃபோர்னியா மக்கள் அவரை மறுபடியும் கவர்னராக்கினார்கள். 2014இல் இன்னொரு முறையும்.