உப்புக் கணக்குப் பிள்ளையும் பாண்டவர் அணியும்

தமிழ் பேசும்படத்துக்கு ஆரம்ப காலத்தில் கதை தந்து உதவியவர்களில் முக்கியமான ஆள், பேசும்படம் பிறப்பதற்கு ஒன்பது வருடம் முன்பே காலமாகிவிட்டார். தயாரிப்பாளர்களுக்கு இதைவிடத் தோதான கதாசிரியர் இன்றுவரை வாய்க்கவில்லை. அட்வான்ஸ் கேட்கமாட்டார். டைட்டிலில் என் பெயர் எங்கே என்று ஸ்டூடியோ வாசலில் வந்து நிற்கமாட்டார். கிளைமாக்ஸை மாற்றினால் கோர்ட்டுக்குப் போகமாட்டார். அவர் பெயர் சங்கரதாஸ் சுவாமிகள். எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர்.

ஊர்ப்பக்கம் என்று உரிமை கொண்டாடக் காரணம் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் முத்தையாபுரத்துக்கு வரும்போது இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம் குவிந்து கிடக்கும். சுவாமிகள் நாடகத்துக்குப் போகுமுன் பார்த்த உத்தியோகம் தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கு எழுதுவது. பெயரும் அப்போது வெறும் சங்கரன்தான். தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7ஆம் தேதி பிறந்தவர். அப்பா தாமோதரக் கணக்கப்பிள்ளை ராமாயணத்தைக் கரைத்துக் குடித்தவர். பையனைப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் அனுப்பி யாப்பு கற்க வைத்தார்கள். வெண்பா எழுதத் தெரிந்த ஒருவனை வெயிலில் உட்காரவைத்து மூட்டை எண்ணச் சொன்னால் என்ன ஆகும்? 1891இல், 24 வயதில், கணக்கை முடித்துவிட்டு நாடகக் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார்.

இந்தக் கரிசல் பூமிக்கு அப்படி ஒரு ராசி. ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சி. வக்கீல் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டுக் கப்பல் விட்டார். எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதி ஜமீன் உத்தியோகத்தை உதறிவிட்டுக் கவிதை எழுதினார். மாட்டு வண்டித் தூரத்துக்குள் பிறந்த மூன்று பேரும், வீட்டுப் பெரியவர்கள் 'உருப்படுகிற வேலை' என்று சொல்லக்கூடிய எதிலும் நிலைக்கவில்லை. அதில் இரண்டு பேருக்குத் தபால்தலையும் பாடப்புத்தகமும் கிடைத்தன. மூன்றாமவருக்குக் கிடைத்தது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சிரிக்கக் கூடாது.

அதே 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அது கனவான்களின் சபை. பகலில் கோர்ட்டில் வாதாடிய வக்கீல்கள் மாலையில் மீசையை எடுத்துவிட்டு மனோகரன் ஆனார்கள். நடிப்புக்குக் கூலி வாங்குவது அவர்களுக்குக் கேவலம். சுவாமிகள் சேர்ந்த உலகத்தில் கூலி வாங்காவிட்டால் மறுநாள் சோறு கிடையாது. சரித்திரக்காரர்கள் பம்மலுக்குத் தந்தை பட்டமும் சுவாமிகளுக்குத் தலைமையாசிரியர் பட்டமும் கொடுத்துப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் தமிழ் நாடகத்தைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியது வாத்தியார்தான்.

முதலில் அவர் நடிகர். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று பார்த்துப் பார்த்து எடுத்த வேஷங்கள். கதாநாயகன் வேஷம் கேட்டதாகத் தெரியவில்லை. அவருடைய மாணவர் அவ்வை டி.கே. சண்முகம் தம் 'எனது நாடக வாழ்க்கை' நூலில் சொல்லும் கதை இது. ஒரு நாள் நளதமயந்தி முடிந்து விடியற்காலையில், கறுப்புச் சாயத்தோடும் சனீஸ்வரன் கோலத்தோடும் வேஷம் கலைக்க நீர்நிலைக்குப் போயிருக்கிறார். துணி வெளுக்க வந்த ஒரு பெண் இருட்டில் இந்த உருவத்தைப் பார்த்த அதிர்ச்சியில் உயிரையே விட்டுவிட்டாள். வேறொரு ஊரில் எமனாகப் பாசக்கயிற்றோடு மேடையில் பாய்ந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டது. வேறு நடிகராக இருந்தால் 'பார்த்தவர் பதறிய நடிப்பு' என்று நோட்டீஸ் அடித்து டிக்கெட்டை இரண்டணா ஏற்றியிருப்பார். இவர் அரிதாரத்தைத் துடைத்துப் போட்டார். அதோடு நில்லாமல் துறவியாகத் தல யாத்திரையும் கிளம்பிவிட்டார். சங்கரன், சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது இப்படி. புதுக்கோட்டையில் கஞ்சிராவுக்குப் பேர்போன மான்பூண்டியா பிள்ளை அவரைப் பிடித்து மகன்போல வைத்துக்கொண்டார். மறுபடி நாடகம் தொற்றிக்கொண்டது. உலகத்தைத் துறப்பது சுலபம், நாடகக் கொட்டகையைத் துறப்பது கஷ்டம் என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

அன்றைய கொட்டகை நிலவரத்தையும் சொல்ல வேண்டும். வசனம் என்று எழுதி வைத்த ஒன்று கிடையாது. ராஜபார்ட் தனக்குத் தோன்றியதைப் பேசுவார். ஸ்திரீபார்ட் தனக்குத் தெரிந்த பாட்டைப் பாடுவார், கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அரிச்சந்திரன் சுடுகாட்டில் நிற்கும்போது பபூன் வந்து அன்றைய மார்க்கெட் விலைவாசியைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். சிலருக்குக் குரல் வரக் கள்ளுக்கடையின் ஒத்தாசை வேண்டும், அது அதிகமானால் அரிச்சந்திரனே உண்மை பேசும் நிலையில் இருக்கமாட்டான். உப்பளக் கணக்குப் பிள்ளைக்கு இந்தக் கணக்கில் வராத செலவு பிடிக்கவில்லை. உட்கார்ந்தார், எழுதினார். வெண்பா, விருத்தம், சிந்து, கும்மி, நடுநடுவே குறளும் நாலடியாரும் கலந்த வசனம் என்று வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ச்சுனா, பிரகலாதன் என்று வரிசையாக நாடகங்கள் வந்தன. எழுதியதைத்தான் பேச வேண்டும் என்று கட்டளையும் போட்டார்.

பெரியவர்கள் கேட்கவில்லை. பெரியவர்கள் என்றைக்குக் கேட்டார்கள்? எனவே சுவாமிகள் ஒரு குரூரமான யோசனைக்கு வந்தார். சிறுவர்களைப் பிடித்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று பையன்களைக் கொண்டே கம்பெனி. அடித்தால் அழுவார்கள், ஆனால் மனப்பாடம் செய்வார்கள். ஆறு வயதில் சண்முகம் வந்து சேர்ந்தது இந்த மதுரைக் கம்பெனியில்தான். பாய்ஸ் கம்பெனி என்பது பள்ளிக்கூடம், அநாதை இல்லம், மிலிட்டரி முகாம் மூன்றையும் ஒரே கூரைக்குள் போட்ட ஏற்பாடு. சோறும் பாட்டும் அடியும் இலவசம். பையனுக்கு மீசை அரும்பும் வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அவன் கதை முடிந்தது. நேற்றுவரை மாலை போட்டுக்கொண்ட ராஜபார்ட் மறுநாள் திரை இழுக்க நிற்பான்.

இந்த ஏற்பாட்டைச் சரியென்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் விளைச்சலைப் பாருங்கள். சுவாமிகள் போட்ட தடத்தில் ஊர் ஊராகப் பாய்ஸ் கம்பெனிகள் முளைத்தன. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து பி.யு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும், ஜெகந்நாதய்யர் கம்பெனியிலிருந்து எம்.ஆர். ராதாவும், டி.கே.எஸ். சகோதரர்களிடமிருந்து என்.எஸ். கிருஷ்ணனும், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியிலிருந்து சிவாஜியும் வந்தார்கள். தமிழ்நாட்டை ஆண்ட ஒரு முதலமைச்சரும், அவரைச் சுட்ட ஒரு நடிகரும் ஒரே மாதிரித் தொழிற்சாலையில் தயாரான சரக்கு.

அவசரத்துக்கு எழுதுவதிலும் சுவாமிகளை யாரும் மிஞ்ச முடியாது. சின்னப் பையன் சண்முகத்துக்கு ஏற்ற கதாநாயகன் வேஷம் வேண்டும் என்றதும் ராத்திரி அரிக்கேன் விளக்கு முன்னால் உட்கார்ந்தார். பையன் தூங்கி எழுந்து பார்க்கிறான், மங்களப் பாட்டுவரை எழுதி முடித்து 'அபிமன்யு சுந்தரி' தயார். பாட்டு மட்டும் நூற்றுக்கு மேல். இன்று ஒரு பாட்டுக்கு மலேசியா போய் ரூம் போட்டு யோசிப்பவர்கள் இந்தப் பத்தியைப் படிக்காமல் இருப்பது அவர்கள் உடம்புக்கு நல்லது.

அவரிடம் பயின்ற இன்னொரு பையன் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. 1906இல் பிறந்த இந்தப் பையன் தொண்டையைத் திறந்தால் கடைசி வரிசையில் மண் தரை டிக்கெட்காரனுக்கும் ஒரு சங்கதி குறையாமல் கேட்கும். மைக் இல்லாத காலம், கூரை மட்டும் இருந்தது. இலங்கை போய்க் காசு பார்ப்பது அன்று எல்லாக் கம்பெனிக்கும் கனவு. தூத்துக்குடியில் கப்பல் ஏறலாம், 1914க்குப் பிறகு தனுஷ்கோடி வழியாகப் போட்மெயிலும் உண்டு. வாந்தி எடுத்தபடியே அக்கரை போன அர்ச்சுனன்கள் எத்தனை பேரோ. கிட்டப்பாவும் அங்கே போனார். கொடுமுடிக்காரி கே.பி. சுந்தராம்பாள் ஏற்கெனவே அங்கே கொடிகட்டிப் பாடிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவோடு பாடினால் உன் குரல் எடுபடாது என்று கிட்டப்பாவையும், அந்தப் பையனோடு பாடினால் உன் பாடு திண்டாட்டம் என்று சுந்தராம்பாளையும் ஆளுக்கு ஆள் பயமுறுத்தினார்களாம். இருவரும் மேடையேறினார்கள், போட்டி போட்டுப் பாடினார்கள். ஜோடிப் பொருத்தம் மேடைக்கு வெளியேயும் தொடர்ந்து 1927இல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு மனைவி உண்டு என்பது ஊரறிந்த செய்தி. புராணத்தில் முருகனுக்கும் அப்படித்தானே என்று ரசிகர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

1933 டிசம்பர் 2ஆம் தேதி, 27 வயதில் கிட்டப்பா போய்விட்டார். ஒரு சினிமாவிலும் நடிக்கவில்லை. சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை கட்டினார், இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்றார். சினிமாக்காரர்கள் விடுவார்களா? ஆணோடு நடிக்கமாட்டீர்கள், ஆணாகவே நடியுங்கள் என்று லட்ச ரூபாயை வைத்தார்கள். 1935இல் வந்த 'பக்த நந்தனார்' அது. சுந்தராம்பாள் நந்தனார், சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியர். படம் போணியாகவில்லை. இதில் எருமையும் பனைமரமும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பாணியில் கல்கி விமர்சனம் எழுதியதாக இன்றுவரை சொல்வார்கள். லட்ச ரூபாயில் எருமைக்குப் பங்கு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. சுந்தராம்பாளை 1958இல் சட்ட மேலவைக்கு அனுப்பினார்கள். அங்கே வெண்கலக் குரலுக்கு மைக் கொடுத்தது அரசாங்கப் பண விரயம்.

சுவாமிகளின் சொத்துக்கு வருவோம். 1931 அக்டோபர் 31இல் 'காளிதாஸ்' வெளியானது. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்ல, தமிழின் முதல் பேசும்படம் ஓடியது. படம் பேசியதே அதிசயம், என்ன பாஷையில் பேசினால் என்ன என்று ஜனங்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். ஆனால் அடுத்த படத்துக்குக் கதை? ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, நடிகர்கள் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்த கதைகள் கொட்டகையில் குவிந்து கிடந்தன. 1933இல் அதே ராஜலட்சுமி 'வள்ளி திருமணம்' செய்துகொண்டார், வசூல் கொட்டியது. 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் 'பவளக்கொடி'. மேடையில் அர்ச்சுனனாகவும் பவளக்கொடியாகவும் ஊரைக் கிறங்கடித்துக்கொண்டிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையும் அப்படியே அலாக்காகத் தூக்கி காமிரா முன்னால் வைத்தார்கள். பாபநாசம் சிவன் கைவண்ணத்தில் ஐம்பது பாட்டு. மின்விளக்கு வசதி போதாது, சூரிய பகவான்தான் லைட்பாய். மேகம் வந்தால் அர்ச்சுனன் காதலை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எச்சில் இலைக்குக் காக்காய் கூடிக் கத்தும். அது ஒலிப்பதிவில் விழும். காக்காய் விரட்டவே ஏர்கன்னோடு ஒரு ஆங்கிலோ-இந்தியரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள் என்பது சினிமா வட்டாரத்தில் பிரசித்தமான கதை. தமிழின் முதல் சூப்பர் ஸ்டார் உருவானதில் அந்தத் துப்பாக்கிக்கும் பங்கு உண்டு.

எழுதியவர் இதில் எதையும் பார்க்கவில்லை. 1921 வாக்கில் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. ஊருக்கெல்லாம் வசனம் எழுதிக் கொடுத்தவர் வாய் திறக்க முடியாமல், அப்போதும் கம்பெனியை விட்டுப் போகாமல், பையன்களோடே ஊர் ஊராகச் சுற்றினார். 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் முடிந்தது. சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. உப்பளத்தில் தொடங்கியவருக்குப் பொருத்தமான விலாசம்தான்.

ஆனால் நாடகம் முடியவில்லை. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு இன்றும் 'ஸ்பெஷல் நாடகம்' போடுகிறார்கள். நாரதர் ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார், வள்ளி இன்னொரு ஊரிலிருந்து, பபூன் மூன்றாவது ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் பாடம் ஒன்றே, சுவாமிகள் எழுதியது. ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கும். நாரதரும் வள்ளியும் இல்லறமா துறவறமா என்று தர்க்கம் செய்வார்கள். மூன்று மணி ஆகும், தர்க்கம் தீராது. வேடனாக வந்த முருகன் திரைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டு, நம்மை எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பார். எழுதியதைத்தான் பேச வேண்டும் என்ற அவர் கட்டளை மட்டும் நூறு வருடமாக மீறப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

சென்னையில் நடிகர்கள் என்ன செய்தார்கள்? ஹபிபுல்லா சாலையில் நடிகர் சங்க அரங்கத்துக்குச் சுவாமிகள் பெயரை வைத்தார்கள். பிறகு அந்தக் கட்டிடத்தை இடித்தார்கள். பிறகு அந்த இடத்துக்காகச் சண்டை போட்டார்கள். 2019 சங்கத் தேர்தலில் நாசர், விஷால், கார்த்தி தரப்பு 'பாண்டவர் அணி' என்ற பெயரில் நின்றது. எதிர்த்து நின்ற கே. பாக்யராஜ், ஐசரி கணேஷ் தரப்பு தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'சுவாமி சங்கரதாஸ் அணி'.

இதில் ஒரு பழைய பாக்கியும் உண்டு. பாண்டவர்களை மேடையில் சுவாமிகள் கொஞ்சமாகவா படுத்தினார்? வியாசர் எழுதாத அல்லியையும் பவளக்கொடியையும் நாடோடிக் கதையிலிருந்து எடுத்து அர்ச்சுனன் தலையில் கட்டினார். மகன் கேட்ட விளையாட்டுத் தேருக்குப் பவளம் தேடப் போன இடத்திலும் ஒரு கல்யாணம் செய்துவைத்தார். அல்லியின் கட்டிலுக்குப் போகக் காண்டீபம் ஏந்தியவனைச் சந்நியாசியாக்கி, பாம்பாக்கி நெளியவிட்டார். பாண்டவர்கள் மறப்பார்களா?

2019 ஜூன் 23இல் ஓட்டுப் போட்டார்கள். வழக்கு வந்தது. எண்ணக் கூடாது என்றது நீதிமன்றம், ஓட்டுப்பெட்டிகள் பூட்டிக்கொண்டு இரண்டே முக்கால் வருடம் அஞ்ஞாதவாசம் இருந்தன. 2022 மார்ச் 20ஆம் தேதி, சுவாமிகளின் நூற்றாண்டு நினைவு வருடத்தில், பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். பாண்டவர் அணி ஜெயித்தது. சங்கரதாஸ் சுவாமிகள் தோற்றுப்போனார்.