துரத்தலும் துரத்தல் நிமித்தமும்: லூயிசியானா நாய்கள் பற்றிய பூர்வாங்க ஆய்வு

பசிபிக் கரையிலுள்ள சான் டியேகோவில் தொடங்கி, அட்லாண்டிக் கரையிலுள்ள செயின்ட் அகஸ்டினில் முடிகிறது அமெரிக்கத் தெற்கின் 'சதர்ன் டியர்' சைக்கிள் தடம். எட்டு மாநிலங்கள், சுமார் 4,900 கி.மீ. அதன் மலையையும் பாலையையும் எதிர்க்காற்றையும் பற்றிப் பயணிகள் எழுதிக் குவித்துவிட்டார்கள். நாய்களைப் பற்றியோ வசவுகள்தாம் உண்டு, ஆய்வு இல்லை.

களம், கிழக்கு லூயிசியானாவில் செயின்ட் பிரான்சிஸ்வில்லிலிருந்து பொகலூசா நோக்கிப் போகும் கிராமச் சாலைகள். தொல்காப்பிய நெறிப்படி பகுத்தால், நிலம்: பைன் காடும், தாரின்மேல் ஜல்லி தூவிய, பல்லை ஆட்டும் சாலையும். பொழுது: காலையில் உண்ட கிரிட்ஸ் கஞ்சி வயிற்றில் கனக்கும் முற்பகல். கருப்பொருள்: மரத்தடி லாரி, பாப்டிஸ்ட் தேவாலயம், டாலர் ஜெனரல் கடை, தபால்பெட்டி, வேலியில்லாத முற்றம். உரிப்பொருள் தலைப்பிலேயே உள்ளது.

வேலியில்லை என்பதால் எல்லையில்லை என்று கொள்ளலாகாது. எல்லை நாயின் மனத்தில் இருக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் வந்த நாய் அடுத்த வீட்டு நிலம் தொடங்குமிடத்தில், வில்லங்கச் சான்று பார்த்துவிட்டதைப்போல் சட்டென்று நின்றுவிடும்.

வரிசையாகப் போகும் குழுவில் முதலாமவர் நாயை எழுப்புகிறார். இரண்டாமவர் அதற்கு வேகத்தைக் கணிக்கக் கற்றுத்தருகிறார். மூன்றாமவர் கணுக்காலைக் கொடுக்கிறார். ஆகவே முன்னால் போகிறவர் தைரியசாலி என்னும் பரவலான நம்பிக்கைக்கு ஆதாரமில்லை.

இனி இவ்வாய்வின் மையக் கருத்து. குழுப்பயணம் என்பது பெரும்பாலும் ஒரு கற்பிதம். விடியலில் ஒன்றாகக் கிளம்பியவர்கள் பத்து மணிக்குள் மைல்கணக்கில் சிதறிவிடுவார்கள். ஒருவர் அவித்த வேர்க்கடலை விற்கும் இடத்தில், ஒருவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டு, ஒருவர் யாருக்கும் காத்திராமல் தொடுவானத்தில். குழு மறுபடி குழுவாவது இரவில் வரைபடத்தைச் சுற்றி உட்காரும்போதுதான். இடைப்பட்ட பகலில் அவர்களை ஒன்றுசேர்ப்பது யார்? நாய். 1979இல் லூயிசியானாவின் மாநில நாயாக அறிவிக்கப்பட்ட கட்டஹூலா, காட்டுப்பன்றிகளையும் மாடுகளையும் வளைத்து மந்தையாக நிறுத்தப் பழக்கப்பட்ட இனம். சிதறியதைச் சேர்ப்பது அதன் குலத்தொழில். குரைப்பு கேட்டதும் பின்தங்கியவர்கள் நெருங்கி வருகிறார்கள். முன்னால் போனவர் வேகம் குறைத்து, பாசத்தோடு திரும்பிப் பார்க்கிறார். குழுத் தலைவர் வாரக்கணக்கில் கெஞ்சியும் நடக்காதது அரை நிமிடத்தில் நடந்தேறுகிறது.

துரத்துவனவற்றில் கட்டஹூலா குறைவு, கலப்பினமே மிகுதி என்று மறுப்பார் உளர். கொள்கை இவ்வளவு பொருந்திவரும்போது நாயின் பரம்பரையைக் கிளறுவது அழகன்று.

பரிகாரத்தில் மூத்தோர் கருத்து ஒன்றே: இறங்கி நில், சைக்கிளை நடுவில் வை, "கோ ஹோம்" என்று உரக்க அதட்டு. ஓடுபொருள் நின்றபின் துரத்தல் இல்லை, நிமித்தமும் இல்லை. பெரும்பாலான நாய்கள் சலித்துத் திரும்பிவிடும். ஆனால் கூடாரமும் அடுப்பும் கட்டிய சைக்கிளோடு ஏற்றத்தில் பாதி வந்தவருக்கு இறங்க மனம் வராது. அவர் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து முகத்தில் பீச்சுகிறார். திகைத்து விலகும் நாய்களே அதிகம். வாயைத் திறந்து நன்றாகக் குடித்துவிட்டு, தெம்பாக மறுபடி துரத்துவனவும் உண்டு. அவற்றுக்குத் தனி இயல் வேண்டும்.