திருடனுக்கு அடி, சித்தப்பாவுக்குப் பட்டு வேட்டி

"எங்க பரம்பரையில ஒருத்தரும் போலீஸ் ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சதில்லை." எங்கள் குடும்பத்தின் பெருமைகளில் இதுதான் முதலாவது. இரண்டாவதாக ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சம்பந்தம் பேசப் போனாலும் சரி, வாடகைக்கு வீடு கேட்கப் போனாலும் சரி, உட்கார்ந்ததும் இதைச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீரே வாங்கிக் குடிப்பார்கள். சொல்வது உண்மைதான். பாஸ்போர்ட் விசாரணையைத் தவிர வேறு எதற்கும் யாரும் அங்கே போனதில்லை.

ஸ்டேஷன் பக்கம் தலைவைத்துப் படுக்காமலே என்னவெல்லாம் செய்யலாம் என்பதை எங்கள் ஆட்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியம்மாவுக்கு இரண்டு விதமான ரத்த அழுத்தம் உண்டு. மகள் வீட்டுக்குப் போவதென்றால் 120க்கு 80. மருமகளின் அம்மா வந்து தங்கப்போகிறார் என்றால் 180க்கு மேல். யாரும் பேசவே கூடாது. மாமா ஒருவர் தன் சம்பளம் எவ்வளவு என்று அத்தையிடம் மூச்சு விடாமலே சர்வீஸை முடித்து ரிட்டயர் ஆனார். பென்ஷன் என்பது கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி என்று பேங்க்கில் யாரோ சொல்லப்போக, அத்தை பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டால் பெருக்கினார். அன்றைக்கு அந்த வீட்டில் உலை வைக்கவில்லை.

இதெல்லாம் சில்லறை. சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் தை மாதம், கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை எங்கள் பையன். முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கும்போது சீர்வரிசையில் வைத்திருந்த பித்தளைக் குடம் ஒன்றைக் காணோம். பாத்திரம் கழுவ வந்தவர்களில் ஒரு பையன் அதைச் சாக்கில் சுற்றி ஜெனரேட்டருக்குப் பின்னால் வைத்திருந்தான். பிடித்துவிட்டார்கள். முதல் அறை சித்தப்பாவுடையது. நெற்றியில் சந்தனம், வாயில் பீடா, இடுப்பில் புதுப் பட்டு வேட்டி. அடுத்தடுத்து அறைந்தவர்களில் பாதிப் பேருக்குக் குடம் யாருடையது என்றே தெரியாது. "உழைச்சுச் சாப்பிடத் துப்பில்லையாடா?" என்று கேட்டவர் இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்துவிட்டு வந்தவர். அந்தப் பையன் விடியற்காலையிலிருந்து அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தவன். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

அதே மண்டபத்தில் இன்னொரு காரியமும் நடந்து முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு வேலை போய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது. பெங்களூரில் ஐடி கம்பெனி, டீம் லீடர் என்று பெண் வீட்டில் சொல்லி வரனை முடித்தவர் சித்தப்பா. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு பெண்ணின் அப்பா போன் செய்தபோதெல்லாம், "பையன் மீட்டிங்ல இருக்கான் சம்பந்தி, நானே சொல்லிடறேன்" என்பார். பையன் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருப்பான். பட்டு வேட்டி அந்த உழைப்புக்குக் கிடைத்த மரியாதை.

குடத்தின் விலை மூவாயிரத்தைத் தாண்டாது. 1.7.2024 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்குப் பிரிவு 303. மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, ஆள் முதல் தடவை மாட்டியவன், பொருளும் திரும்பி வந்துவிட்டது என்றால் சமூக சேவையோடு விட்டுவிடச் சொல்கிறது அதே பிரிவு. கோர்ட்டுக்குப் போயிருந்தால் அவன் நாலு நாள் தெருக் கூட்டியிருப்பான். கன்னம் தப்பியிருக்கும்.

சித்தப்பாவுக்கு எந்தப் பிரிவு? இந்துத் திருமணச் சட்டம், 1955-இல் 12-ஆம் பிரிவு இருக்கிறது. முக்கியமான ஒரு விவரத்தில் மோசடி செய்து சம்மதம் வாங்கியிருந்தால், அது தெரியவந்த ஓராண்டுக்குள் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். போன வேலை அப்படி முக்கியமான விவரமா என்று வக்கீல்கள் வாய்தா மேல் வாய்தா வாங்கி வாதாடுவார்கள். கேஸ் போட வேண்டியவள் பெண். ஜெயித்தால் போவதும் அவள் கல்யாணம். சித்தப்பாவின் வேட்டியை ரத்து செய்ய வழியில்லை.

இதற்காகச் சட்டத்தைக் கோபித்துக்கொள்ள மாட்டேன். வீட்டுப் பொய்யெல்லாம் குற்றம் என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். "சார், இவர் கிளம்பிட்டேன்னு போன்ல சொன்னார். அப்ப ஷவர் சத்தம் கேட்டுச்சு." ஏட்டு கார்பன் தாளை வைத்து எழுத ஆரம்பிப்பார். அடுத்து தையல்காரர், "நாளைக்குக் கண்டிப்பா" என்று ஒரே ரவிக்கைக்கு ஏழெட்டுத் தடவை சொன்ன தொடர் குற்றவாளி. "எஸ்.ஐ. இருக்காரா?" என்று கேட்டால் "ரவுண்ட்ஸ் போயிருக்கார்" என்று பதில் வரும். உள்ளேயிருந்து எஸ்.ஐ. தும்முவார். அவர் மேலும் ஒரு எஃப்.ஐ.ஆர்.

சட்டம் எழுதியவர்கள் விவரமானவர்கள். 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 95-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. இப்போது அது புதுச் சட்டத்தில் 33. சாதாரணப் புத்தியும் சுபாவமும் உள்ள யாரும் புகார் சொல்லாத அளவுக்கு அற்பமான தீங்கு குற்றமாகாது என்கிறது அது. அடுத்தவர் மைக்கூட்டில் பேனாவைத் தொட்டுக்கொண்டால் அதுவும் எழுத்துப்படி திருட்டு, வண்டியில் ஏறும்போது பக்கத்து ஆளை நெருக்கினால் அதுவும் எழுத்துப்படி காயம், இதற்கெல்லாம் கோர்ட் நடத்த முடியுமா என்று அந்தச் சட்டத்துக்கு வரைவு எழுதிய மெக்காலே காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். அவர்கள் யோசித்திருக்காவிட்டால் நம் ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள் எல்லாரும் உள்ளே இருப்பார்கள்.

சிக்கல் எங்கே என்றால், சட்டம் ஒதுங்கி நின்ற இடத்தையெல்லாம் நம் ஆட்கள் அனுமதி கொடுத்த இடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்தப் பழைய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை ரத்து செய்தார்கள். பிறன்மனை நாடியவனுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்ற பிரிவு. அது எழுதப்பட்டிருந்த விதமே வேடிக்கை: புருஷன் சம்மதித்தால் குற்றமே இல்லை. பெண்டாட்டியை அவனுடைய சைக்கிள் மாதிரி நினைத்து எழுதிய பிரிவு. போனது நல்லதுதான். ஆனால் மறுநாள் டீக்கடையில் தீர்ப்பை விளக்கியவர், "இனிமே அது தப்பில்லையாம்பா, கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். ஜெயிலில் போட வேண்டிய விஷயம் இல்லை, விவாகரத்து கேட்க அது காரணமாகவே இருக்கும் என்பது தீர்ப்பு. அந்தப் பாதி டீக்கடை வரைக்கும் வந்து சேரவில்லை. அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எது பெரிய பாவம் என்ற கேள்விக்கு இத்தாலியக் கவிஞர் தாந்தே ஒரு நரகமே கட்டிப் பதில் சொல்லியிருக்கிறார். ஒன்பது வட்டம், கீழே போகப்போகப் பாவம் கனம். கொலைகாரர்கள் ஏழாவது வட்டத்தில், கொதிக்கிற ரத்த ஆற்றில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் கீழே, எட்டாவது வட்டத்தில் ஏமாற்றுக்காரர்கள். முகஸ்துதி பாடுகிறவர்கள் அங்கேதான் மலத்தில் முங்கிக் கிடக்கிறார்கள். கொலைகாரனுக்குக் கீழே ஜால்ரா! நம் ஊரில் அவருக்கு பேனர் வைத்து, வாரியமும் கொடுத்திருப்போம். அடிமட்டத்தில், பனிக்கட்டிக்குள், நம்பியவர்களுக்குத் துரோகம் செய்தவர்கள். இவ்வளவு கறாராக வரிசை போட்ட தாந்தே, ஸ்டேஷன் வாசற்படி மிதிக்காத பரம்பரையா என்றால் இல்லை. பதவியில் இருந்தபோது லஞ்ச ஊழல் செய்தார் என்று 1302-இல் ஃபிளாரன்ஸ் நகரம் அவருக்குத் தண்டனை கொடுத்து வெளியேற்றியது. திரும்பி வந்து பிடிபட்டால் உயிரோடு எரிப்போம் என்றும் சொன்னது. எங்கள் வீட்டில் அவருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்.

வள்ளுவர் இந்த வரிசைக்குள் போகவில்லை. 29-ஆம் அதிகாரம் கள்ளாமை, 30-ஆம் அதிகாரம் வாய்மை. பக்கத்துப் பக்கத்து வீடு, ஆளுக்குப் பத்துக் குறள். திருட்டுக்கு ஒரு விலக்கும் கொடுக்காதவர், வாய்மையில் மட்டும், குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று சின்னதாக ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார். 1,330 குறளில் எங்கள் சித்தப்பாவுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதிலும் 'குற்றமில்லாத' என்ற நிபந்தனை அவருக்கு ஞாபகம் இருப்பதில்லை. கூடவே, ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்ற பழமொழி. "நான் ஒண்ணே ஒண்ணுதானேடா சொன்னேன்? மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது எனக்கு மிச்சம்" என்றார் என்னிடம்.

எல்லாப் பொய்யும் எல்லாத் திருட்டையும்விடப் பெரிது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பெரியம்மாவுக்கு நிஜமாகவே 180 ஏறிவிடும். அந்தக் குடமும் கல்யாணமும் பற்றி மட்டும் சொல்கிறேன். குடம் அரை மணி நேரத்தில் சீர்வரிசைக்குத் திரும்பிவிட்டது. ஒரு நெளிசல்கூட இல்லை. கல்யாண விஷயம் மாசியில்தான் வெளியே வந்தது. புதுப்பெண் அழவில்லை, அப்பாவைக் கூப்பிடவில்லை. சித்தப்பாவுக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "வேலை போச்சுன்னு சொல்லியிருந்தாலும் நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன் மாமா. இப்ப நீங்க வெளியில வெயில் அடிக்குதுன்னு சொன்னாக்கூட நான் எட்டிப் பார்த்துத்தான் துணி காயப்போடணும்."

சித்தப்பா அந்தக் காபியைக் குடித்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றும் சொன்னார். என் தீர்ப்பு இதுதான்: இரண்டு பேரில் சித்தப்பாதான் பெரிய திருடர். அன்றைக்கு அறை வாங்கியிருக்க வேண்டியவரும் அவரே. குடம் எடுத்த பையனுக்கு அன்றைய கூலியும் தரவில்லை என்று பிறகு தெரிந்தது. அதையும் சித்தப்பா கணக்கில்தான் எழுதுகிறேன்.

அவர் இப்போது இன்னொரு பையனுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெண்ணைப் பெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், கூச்சப்படாமல் மாப்பிள்ளையின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்டதற்குக் கோபம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வரலாம், தப்பில்லை.