அவுக ஊருல இல்லையே

எண்பதுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் குடியிருந்தபோது, எங்கள் வீட்டில் டெலிபோன் இல்லை என்பதை நான் ஏதோ விரதம் இருப்பவனைப் போலப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஊரே மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. முன்பணத்தைக் கூடுதலாகக் கட்டினால் வரிசையில் கொஞ்சம் முன்னால் போகலாம் என்று ஓ.ஒய்.டி. திட்டம் ஒன்று இருந்தது, எம்.பி. கோட்டாவில் கிடைக்குமா என்று மாமனார்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானோ, "என் வீட்டுக்குள்ள மணியடிச்சு என்னை எழுப்ப எவனுக்கு உரிமை?" என்று கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை விரித்துக்கொள்வேன். அந்த வயதில் ஆளுக்கொரு கொள்கை தேவைப்படுகிறது. எனக்குச் செலவில்லாமல் ஒன்று கிடைத்தது.

செலவெல்லாம் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு. மண்டி வியாபாரத்துக்காக அவர் வாங்கிய கறுப்பு போன், பூப்பின்னல் துணி போர்த்தி, டயலில் குட்டிப் பூட்டு தொங்க, சாமி படத்துக்குக் கீழே வீற்றிருந்தது. அதன் எண்ணைத்தான் தங்கை கல்யாணப் பத்திரிகை முதல் அலுவலகப் படிவம் வரை எல்லாவற்றிலும் எழுதி, அடுத்த வீட்டு எண் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருந்தேன். உங்களில் எத்தனை பேர் அந்த இரண்டு எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்தினீர்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன!

போன் வந்தால் அண்ணாச்சியின் மனைவி, மதினி, காம்பவுண்டு சுவரோரம் வந்து "தம்பி, போனு!" என்பாள். கைலியை மாற்றி, சட்டை மாட்டிக்கொண்டு, போகிற வழியில் அண்ணாச்சியின் அம்மாவிடம் மூட்டுவலி விசாரித்துவிட்டுப் போய் ரிசீவரை எடுப்பதற்குள், மறுமுனையில் இருப்பவருக்குச் சொல்ல வந்ததில் பாதி தேவையற்றது என்று தோன்றியிருக்கும். ஒரு பெண் அடுப்பில் கொதிக்கிற குழம்பை விட்டுவிட்டு நமக்காக நடக்க வேண்டும் என்று தெரிந்தால், சும்மா கூப்பிட யாருக்கு மனசு வரும்? வெளியூர் டிரங்க் கால் என்றால் கேட்கவே வேண்டாம். ஆர்டினரி, அர்ஜென்ட், அதற்கும் மேலே எட்டு மடங்குக் கட்டணத்தில் லைட்னிங் என்று அவசரத்துக்கே மூன்று தரம் இருந்தது. எஸ்.டி.டி. பூத்துகள் வந்த பிறகும், இரவு பதினொன்றுக்கு மேல் கால்பங்குக் கட்டணம் என்பதற்காக மஞ்சள் போர்டுக்கு அடியில் கொட்டாவி விட்டபடி வரிசையில் நின்று, கண்ணாடிக் கதவுக்குள் கத்துகிறவரின் குடும்பக் கதையைப் பாதி கேட்டு, மீதியை நாமே முடித்துக்கொண்டோம்.

ஆனால் எனக்கு இன்று ஏக்கமாக இருப்பது மதினியின் பொய். விடுமுறை நாளில் என் மேலதிகாரி கூப்பிட்டால், அவள் போட்ட முறுக்கை நான் அவள் வீட்டுத் திண்ணையிலேயே கடித்துக்கொண்டிருக்க, "அவுக ஊருல இல்லையே சார், சங்கரங்கோயில் போயிருக்காக" என்பாள். அதோடு விடமாட்டாள்; பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று அவரையே விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள். மனிதர் கூப்பிட்ட காரணத்தை மறந்து போனை வைப்பார்.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு, டெல்லியிலிருந்த தொலைத்தொடர்பு மந்திரி சுக்ராமுடன் நாட்டிலேயே முதன்முதலாகச் செல்போனில் பேசினார் என்று படித்தபோது, பாவம், இனி இவர்களுக்குக் கக்கூஸில்கூட நிம்மதி இல்லை என்று சிரித்தேன். ஆரம்பத்தில் நமக்கு வருகிற அழைப்புக்கும் நாமே காசு கட்ட வேண்டியிருந்ததால், செல்போன் வைத்திருந்தவர்கள் அது அடித்தாலே முறைத்துப் பார்த்தார்கள். 2003-இல் உள்வரும் அழைப்பு இலவசம் என்றானது; நானும் ஒன்று வாங்கினேன். பேசுவது மலிந்த பிறகுதான், வேண்டாதவனைக் கூப்பிடுவது ஒரு தொழிலாகவே நடக்கக்கூடியது என்று புரிந்தது. போனுக்காகக் காத்திருந்த தேசம் 2007-இல் 'என்னைக் கூப்பிடாதீர்கள்' என்று பதிவதற்கு ஒரு பட்டியல் திறந்தது. நானும் 1909-க்குச் செய்தி அனுப்பிப் பதிந்தேன். விளம்பரக்காரர்களுக்கென்று 140-இல் தொடங்கும் எண்களை ஒதுக்கினார்கள். அதை நாம் எடுக்காமல் விடக் கற்றதும் அவர்கள் சாதாரணப் பத்து இலக்க எண்களில் வந்தார்கள். இப்போது என் போன் கூப்பிடுகிறவன் யாரென்று சிவப்பு எழுத்தில் காட்டிக்கொடுக்கிறது. எனக்காக ஒரு பொய் சொல்லத்தான் அதற்குத் தெரியவில்லை.

மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். "உங்க போனு, நீங்களே பேசுங்க" என்றுவிட்டாள். ஆகவே போன வாரம் சொந்தக்கடன் தருவதாகக் கூப்பிட்ட பெண்ணிடம், குரலை மாற்றிக்கொண்டு, "அவுக ஊருல இல்லையே" என்று நானே சொன்னேன்.

"பரவால்ல சார், எப்ப வருவாரு?"

மதினி இந்தக் கேள்விக்கு என்ன சொல்லியிருப்பாளோ! எனக்கு வாயில் வந்தது, "வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சரியாகக் கூப்பிட்டாள். இருந்தேன்.